கறிக்குக் காளான் ஈடாகுமா? ஒரு புரட்டாசி மாதச் சாண்ட்விச் கணக்கு

புரட்டாசி பிறந்ததும் எங்கள் வீட்டில் கறிச்சட்டி பரணுக்கு ஏறிவிடும். முட்டையும் கிடையாது. மற்ற மாதங்களில் எனக்கும் கல்லூரி போகும் மகனுக்கும் மதியத்துக்குக் கோழி சாண்ட்விச் கட்டிக்கொண்டு போவது வழக்கம். சோறு கட்டிப் போனால் இரண்டு மணிக்குக் கண் சொக்குகிறது, அதனால் வந்த பழக்கம். புரட்டாசியில் மட்டும் உருளைக்கிழங்கு மசாலா, தக்காளி, வெள்ளரி என்று ஏதாவது வைத்து ஒப்பேற்றிவிடுவேன். நாலு மணிக்கெல்லாம் பசி பிடுங்கும்.

இந்த முறை மனைவி ஒரு யோசனை சொன்னாள். "ஏனுங்க, காளான் வெச்சு எடுத்துட்டுப் போனா என்ன? கறியில இருக்கற சத்து பூரா அதுலயும் இருக்குதாமா."

அந்த 'இருக்குதாமா'தான் என்னைக் கிளப்பிவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் பட்டறையில் தரப் பரிசோதனை பார்க்கிறவன் நான். அளந்து பார்க்காமல் எதற்கும் சரி சொல்லிப் பழக்கமில்லை. கேக் மாவு அளக்க வாங்கி, இரண்டே தடவை பயன்பட்டு, மிக்ஸிக்குப் பின்னால் கிடந்த டிஜிட்டல் தராசைத் துடைத்து வெளியே எடுத்தேன். ஒரு பழைய டைரியும் பேனாவும் அடுப்பு மேடைக்கு வந்து சேர்ந்தன.

அம்மாவுக்கு வேறு கவலை. "ஏன் கண்ணு, காளான் சைவந்தானா? வாசம் ஒரு மாதிரி இருக்குது." காளான் செடியும் இல்லை, விலங்கும் இல்லை, பூஞ்சை என்று அதற்குத் தனிக் குலம் என்று விளக்கிப் பார்த்தேன். குழப்பம் கூடியதுதான் மிச்சம். கடைசியில் அவரே தீர்ப்புச் சொன்னார்: "மழைக்கு மொளைக்கறதுதான. பெருமாள் ஒண்ணுஞ் சொல்லமாட்டாரு." காளானின் செல் சுவர் கைட்டின் என்ற பொருளால் ஆனது. இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் இருப்பது அதே கைட்டின்தான். இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

வாங்கி வந்தது 200 கிராம் மொட்டுக் காளான். மேலட்டையில் 'புரதம் நிறைந்தது' என்று பெரிய எழுத்து. 100 கிராம் பச்சைக் காளானில் 92 கிராம் போலத் தண்ணீர். புரதம் சுமார் 3 கிராம், மாவுச்சத்தும் அதே அளவு, நார் 1 கிராம், கொழுப்பு அரை கிராம்கூட இல்லை. மொத்தம் 22 கலோரி. 3 கிராம் என்பது ஒரு காய்க்கு நல்ல அளவுதான், தக்காளியில் 1 கிராம்கூடத் தேறாது. ஆனால் கறிக்குப் பதில் என்று நிறுத்தினால்? அதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த 92 கிராம் தண்ணீர் என்னைப் படுத்திய பாடு.

முதல் நாள் சோம்பேறித்தனமாகத்தான் தொடங்கினேன். காளானைப் பச்சையாகவே மெல்லிசாகச் சீவி, உப்பும் மிளகும் தூவி, கோதுமை பிரெட்டுக்கு நடுவில் வைத்து மூடிவிட்டேன். காலை எட்டுக்குக் கட்டியது. பன்னிரண்டரைக்கு டப்பாவைத் திறந்தால் அடி பிரெட் துண்டு கையோடு வரவில்லை, டப்பாவிலேயே ஒட்டிக்கொண்டது. மாங்காய்க்கு உப்புப் போட்டால் தண்ணீர் விடுமே, அதே கதை. நாலரை மணி நேரம் உப்பு தன் வேலையைப் பார்த்திருக்கிறது. பக்கத்து மெஷின்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்கண்ணா, கூழா?" என்றார். இன்னொரு தவறும் பிறகுதான் தெரிந்தது. மொட்டுக் காளானைப் பச்சையாக நிறையத் தின்பது நல்லதல்ல. அதில் இயற்கையாகவே அகாரிட்டின் என்ற வேண்டாத பொருள் இருக்கிறது, சமைத்தால் அது பெருமளவு குறைந்துவிடும். கைட்டின் சுவரும் பச்சையில் வயிற்றுக்குக் கொஞ்சம் முரடு.

மறுநாள் வதக்கலாம் என்று முடிவு. அதற்கு முன் வீட்டில் ஒரு சண்டை. காளானைக் கழுவினால் பஞ்சு மாதிரி தண்ணீர் குடித்துவிடும், துணியால் துடைக்கத்தான் வேண்டும் என்பது மனைவியின் கட்சி. தராசு எதற்கு இருக்கிறது? முழுக் காளான் 200 கிராம். குழாயடியில் அலசி, வடிகூடையில் உதறிவிட்டு வைத்தால் 206. துணியில் ஒற்றிய பிறகு 203. உள்ளே ஏற்கெனவே 184 கிராம் தண்ணீர் இருக்கும் பொருளுக்கு இந்த 3 கிராம் எந்த மூலைக்கு? கழுவுங்கள். நறுக்குவதற்கு முன்னால் கழுவுங்கள், ஊறப்போடாதீர்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் முயற்சியில் செய்த தப்பு எல்லார் வீட்டிலும் நடப்பது. சின்ன வாணலி, நிறைய எண்ணெய், 200 கிராமும் ஒரே ஈடு, எடுத்தவுடனே உப்பு. இரண்டு நிமிடத்தில் காளான் தன் தண்ணீரிலேயே நீந்தியது. வதங்கவில்லை, வெந்தது. பட்டறைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் அந்தத் தண்ணீரைச் சாய்த்து ஊற்றிவிட்டுக் காளானை மட்டும் எடுத்துவைத்தேன். நொடியில் வேலை முடிந்தது என்று பெருமை வேறு. சாயங்காலம் டைரியில் எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. காளானின் முக்கியமான சத்துகளே தண்ணீரில் கரைகிறவை. ரைபோஃபிளேவின், நியாசின், பான்டோதெனிக் அமிலம் என்கிற பி வகை வைட்டமின்கள், பொட்டாசியம், எல்லாவற்றிலும் ஒரு பங்கு அந்தப் பழுப்புத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போயிற்று.

எண்ணெயையும் அளந்தேன். பாட்டிலை முன்னும் பின்னும் எடை போட்டதில் 38 கிராம் குறைந்திருந்தது. காளான் கழுவும்போது தண்ணீரைக் குடிக்காது, ஆனால் சூடான வாணலியில் எண்ணெயை நன்றாகவே உறிஞ்சும். ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. 200 கிராம் காளானின் 44 கலோரிக்குத் துணையாக நான் 340 கலோரி எண்ணெய் ஊற்றியிருக்கிறேன். 'கலோரி குறைவான உணவு' என்று சொல்லிக்கொண்டு சாப்பிட்டது இதைத்தான்.

மூன்றாவது நாள் வாணலியைத் தள்ளிவிட்டு இரும்புத் தோசைக்கல்லை வைத்தேன். இது நன்றாக அமைந்தது, எனவே விவரமாகவே எழுதுகிறேன்.

கல் நன்றாகக் காய வேண்டும். தண்ணீர் தெளித்தால் முத்தாக உருண்டு ஓடுகிற சூடு. எண்ணெய் வேண்டாம், உப்பு வேண்டாம். காளானை அரை விரல் கனத்துக்கு நறுக்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்பினேன். கனமாக நறுக்குவது முக்கியம், ஏனென்றால் பாதிக்குப் பாதி சுருங்கப்போகிறது. ஒரு நிமிடத்தில் கீச்சுக் கீச்சென்று சத்தம் வரும். மூன்றாம் நிமிடம் தண்ணீர் வெளியேறிக் கல் முழுக்கப் பளபளக்கும். இங்கே பதறக்கூடாது. வடிக்காமல் அந்தத் தண்ணீரைக் கல்லிலேயே வற்றவிட வேண்டும். ஆவியாகப் போவது வெறும் நீர், அதில் கரைந்திருந்தவை காளான்மேலேயே திரும்பப் படிந்துவிடும். எட்டாம் நிமிடம் சத்தம் மாறும். கொதிக்கிற சத்தம் போய்ப் பொரிகிற சத்தம். அப்போது ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய், தட்டிய பூண்டு நாலு பல், கொரகொரப்பாக இடித்த மிளகு. ஓரம் செம்பழுப்பானதும் அடுப்பை அணைத்துவிட்டு, கடைசியில் உப்பு. 203 கிராம் போட்டு எடுத்தது 97 கிராம். மொத்தம் பதினோரு நிமிடம்.

நிறம் கறுப்பாகத்தான் வரும். வெட்டினாலே பழுப்பாகும் நொதி காளானில் உண்டு, இரும்புக் கல்லும் தன் பங்குக்குக் கறுக்க வைக்கும். பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்பவர்கள் வேறு பாத்திரம் பாருங்கள். எனக்கு ருசி போதும். இன்னொன்று, காளான் அடுப்பில் குழைந்துவிடுமோ என்ற பயம் தேவையே இல்லை. கத்தரிக்காயும் வெண்டைக்காயும் கொஞ்ச நேரம் விட்டால் கூழாகிவிடும். கைட்டின் சூட்டுக்கு அசைந்து கொடுக்காது, ஐந்து நிமிடம் கூடப் போனாலும் மெல்லுகிற பதம் அப்படியே நிற்கும்.

வதக்கியதை உடனே பிரெட்டில் வைக்காதீர்கள். நான் வைத்தேன். ஆவி அடித்துப் பிரெட் வியர்த்துவிட்டது. தட்டில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் ஆறவிட்டால் போதும்.

சரி, இனிப் புரதக் கணக்கு. இரண்டு சாண்ட்விச்சுக்கு 97 கிராம் என்றால், ஒன்றுக்கு 48 கிராம் வதக்கிய காளான், அதாவது 100 கிராம் பச்சைக் காளான். புரதம் 3 கிராம். வழக்கமாக நான் வைக்கும் 50 கிராம் வெந்த கோழி நெஞ்சுக்கறியில் சுமார் 15 கிராம் புரதம். ஐந்தில் ஒரு பங்கு! டைரியை மனைவியிடம் காட்டினேன். அவள் விடவில்லை. உலர்ந்த எடையில் காளானில் முப்பது விழுக்காட்டுக்கு மேல் புரதம் என்று எங்கோ படித்ததைச் சொன்னாள். அது பொய்யில்லை. ஆனால் உலர்ந்த எடை என்பது அந்த 92 கிராம் தண்ணீரைக் கழித்துவிட்டுப் பேசுகிற கணக்கு. யாரும் அரைக் கிலோ காய்ந்த காளானைப் பிரெட்டில் வைத்துத் தின்பதில்லை. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதைவிட, உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கிச் சொல்வதுதான் பொது வழக்கம். காளானில் கைட்டினுக்குள்ளேயும் நைட்ரஜன் இருக்கிறது, அது புரதமல்ல. அதனால் காளானுக்கு 4.38 ஆல் பெருக்குவார்கள். பழைய எண்ணால் பெருக்கியவர்கள் கையில் காளானின் புரதம் நாற்பது விழுக்காடு வீங்கிவிடும். எங்கள் பட்டறையில் தப்பான கேஜை வைத்து அளந்த மாதிரி.

இதை எழுதும்போது காளானைக் குறை சொல்கிற தொனி வந்துவிட்டது. அது நியாயமில்லை. கறியோடு மோதவிட்டதுதான் தப்பு. அதே 100 கிராமில் 0.4 மில்லிகிராம் ரைபோஃபிளேவின் கிடைக்கிறது, பெரியவர் ஒருவரின் ஒரு நாள் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு. நியாசின் மூன்றரை மில்லிகிராம் போல, அதுவும் ஒரு நாள் தேவையில் கால் பங்கு. தாமிரமும் செலினியமும் கணிசமாக உண்டு. எர்கோதயோனின் என்ற ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள் நம் சாப்பாட்டில் காளான் அளவுக்குக் கிடைக்கும் இடம் அரிது. நம் உடம்பு அதைத் தானாகச் செய்துகொள்ளாது. இவ்வளவும் 22 கலோரிக்குள். கோழிக்குப் பதில் என்று எண்ணாமல் தக்காளி, வெள்ளரி இருந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் காளான் எங்கேயோ போய்விடுகிறது. பி12 மட்டும் காளானில் பெயருக்குத்தான், இரும்புச்சத்தும் அரை மில்லிகிராம்தான். கறியை நிறுத்துகிற மாதத்தில் பி12க்குத் தயிர், மோர், பால் என்று போவதுதான் வழி.

எனக்குப் பிடித்த லாபம் உப்பில். காளானில் இயற்கையாகவே குளூட்டமேட் இருக்கிறது, கறிக்குழம்பில் நாக்கு தேடுகிற அந்த ஆழ்ந்த ருசியைத் தருவது அதுதான். 100 கிராமில் சோடியம் 5 மில்லிகிராம்தான். பிரெட்டிலேயே உப்பு கணிசமாக இருப்பதை நாம் மறந்துவிடுகிறோம், அதன்மேல் சீஸ் துண்டு வேறு. சுருளப் பொரித்த காளான் வந்ததும் சீஸை எடுத்துவிட்டேன், இரண்டு சாண்ட்விச்சுக்கும் சேர்த்துக் கால் டீஸ்பூன் உப்பு. மகன் கண்டுபிடிக்கவில்லை. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போடும் எனக்கு இது பெரிய விஷயம். சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பவர்களும், யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு அளவை வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு மொட்டுக் காளான் வாயுவும் உண்டாக்கும், அதில் உள்ள மானிட்டால் என்ற சர்க்கரை செய்கிற வேலை.

அடுத்து மொட்டை மாடி. காளானில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் இருக்கிறது. புற ஊதா பி கதிர் பட்டால் அது வைட்டமின் டி2 ஆக மாறும். இருட்டறையில் வளர்க்கிற மொட்டுக் காளானில் டி வைட்டமின் இல்லை என்றே சொல்லலாம். நறுக்கி உச்சி வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் 100 கிராமுக்கு 10 மைக்ரோகிராம் அளவுக்கு ஏறுகிறது. நமக்கு ஒரு நாளைக்குச் சொல்லப்படும் அளவு 15. கோயம்புத்தூர் வெயிலை வைத்துக்கொண்டு இதைச் செய்யாமல் இருப்பதா?

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு எவர்சில்வர் தாம்பாளத்தில் நறுக்கிய காளானைப் பரப்பி, காக்காய்க்குப் பயந்து கண்ணாடி மூடி போட்டு, அரை மணி நேரம் காவல் இருந்தேன். இறங்கி வந்த பிறகு மகன் கேட்டான், "அப்பா, கண்ணாடி யூவி பி-யைத் தடுத்துராதா?" தடுக்கும். ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயிலில் நம் தோலுக்கும் டி கிடைக்காததற்கு அதுதான் காரணம். அரை மணி நேரம் காளானுக்கு வெறும் வெக்கை மட்டும் காட்டியிருக்கிறேன். அடுத்த வாரம் மூடி இல்லாமல் வைத்தேன், தென்னை விளக்குமாற்றோடு நானே பக்கத்தில் நின்றேன். இருந்தும் ஒரு காக்காய் இரண்டு துண்டைக் கொத்திக்கொண்டு பறந்தது. வெயிலில் வைத்தால் ஓரம் கறுத்து, 200 கிராம் 171 ஆகக் குறைகிறது. அதனால் நஷ்டமில்லை, கல்லில் வற்றவேண்டிய தண்ணீர்தான் அது. வைட்டமின் டி எவ்வளவு ஏறியது என்று வீட்டுத் தராசு காட்டாது. குடையின் அடிமடிப்பு மேலே பார்க்க வேண்டும், நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமாக இருக்க வேண்டும், இந்த இரண்டையும் கவனித்தேன். ரத்தத்தில் டி குறைவு என்று மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் காளானை நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள். டி2 உடம்பில் டி3 அளவுக்கு நீடித்து நிற்பதில்லை.

மூன்றாவது வாரம் மொட்டுக் காளான் கிடைக்கவில்லை. ஒரு கடையில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்தால் பிசுபிசுவென்று இருந்தது, அப்படியே குப்பைக்குப் போயிற்று. அதனால் சிப்பிக் காளான் வாங்கினேன். இதைக் கத்தியால் வெட்டாமல் கையால் நார் நாராகக் கிழித்து அதே கல்லில் வாட்டினால், கண்ணை மூடிக்கொண்டு தின்பவர் பிய்த்த கோழி என்றே சொல்வார். நியாசினும் நாரும் மொட்டுக் காளானைவிட அதிகம். மொட்டுக் காளானைவிடச் சீக்கிரம் வாடிவிடுவதுதான் குறை. பிறகு பால் காளான். வெக்கையில் வளர்கிற ரகம் என்பதால் நம் சமவெளிக்கு ஏற்றது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதை வளர்க்கப் பயிற்சி தருகிறது. சதை கெட்டி, ஃப்ரிட்ஜில் நாலைந்து நாள் தாங்குகிறது. பச்சையில் லேசாக முள்ளங்கி வாசம் அடிக்கும், கல்லில் போட்டதும் போய்விடும். காம்பை மட்டும் பொடியாக நறுக்கிக் கூடுதலாக நாலு நிமிடம் விட வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர். மூன்றில் என் ஓட்டு சிப்பிக்குத்தான். மகன் மொட்டுக் காளான் கட்சி.

ஆக, புரதப் பள்ளத்தை வேறு எதையாவது போட்டு நிரப்ப வேண்டும் என்று ஆனது. பன்னீர் வைத்தேன், நன்றாகவே இருந்தது, ஆனால் தினமும் பன்னீர் என்றால் பர்ஸ் தாங்காது. நின்று நிலைத்தது கெட்டி நிலக்கடலைச் சட்னியும் கொண்டைக்கடலையும். இரண்டு பிரெட் துண்டிலும் உள்பக்கம் நிலக்கடலைச் சட்னியை விளிம்பு வரை பூசுகிறேன். தண்ணீரே ஊற்றாமல் அரைத்தது, சாண்ட்விச்சுக்கு 20 கிராம் கடலை. அதன் எண்ணெய்ப் பசை பிரெட்டுக்கு வார்னிஷ் அடித்த மாதிரி நின்று ஈரத்தைத் தடுக்கிறது, புரதமும் 5 கிராம். அதற்குமேல் வேகவைத்து மசித்த கொண்டைக்கடலை 50 கிராம், அதில் நாலரை. கோதுமையில் குறைவான லைசின் என்ற அமினோ அமிலம் கொண்டைக்கடலையில் தாராளம், எனவே இரண்டும் சேர்வது நல்ல ஜோடி. நடுவில் காளான் 3, பிரெட் இரண்டு துண்டில் 5. கூட்டினால் பதினேழரை கிராம். கோழி சாண்ட்விச் பிரெட்டோடு சேர்த்து 20. பரவாயில்லை, எட்டிப் பிடித்துவிட்டோம். மல்லித்தழை கொஞ்சம், எலுமிச்சை நாலு சொட்டு, அவ்வளவுதான். பன்னிரண்டரைக்குத் திறந்தால் பிரெட் உலர்ந்தே இருக்கிறது. நாலு மணிப் பசியும் வரவில்லை.

ஐப்பசி முதல் ஞாயிறு கறிச்சட்டி கீழே இறங்கியது. திங்கட்கிழமை டப்பாவில் பாதிக் கோழி, பாதிக் காளான் என்று வைத்தேன், இரண்டையும் ஒரே கல்லில் வாட்டி. கோழி 30 கிராமே போட்டும் ருசி குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. அம்மா மட்டும் தனக்கு வெறும் காளான்தான் வேண்டும் என்றார், பல்லுக்குப் பதமாகப் பொடியாக நறுக்கி. அவர் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகன் வாயை அடக்காமல் சொல்லிவிட்டான்: "அப்பத்தா, இறால் ஓட்டுல இருக்கறதுதான் இந்தக் காளான்லயும் இருக்குது, தெரியுமா?"

அம்மா மெல்லுவதை நிறுத்தவில்லை. "நாந்தான் அன்னைக்கே சொன்னனே, வாசம் ஒரு மாதிரி இருக்குதுன்னு" என்றார். அப்புறம் தட்டை என் பக்கம் நகர்த்தி, "இன்னும் ரெண்டு கரண்டி வெய்யி கண்ணு."